கையும் கண்ணும் நாவும்: உடற்கூற்றியல் நடந்த வழியும் நடக்கும் வழியும்

(தமிழ்வழி மருத்துவக் கல்வி குறித்துக் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவமனை வாயிலில் ஆய்வுத்தாள் ஒன்றைக் கையிலேந்தி, எதிர்ப்படுவோரிடமெல்லாம், "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டு நிற்கும் அன்னையை நீங்கள் எல்லீரும் கண்டிருப்பீர்கள். அத்தாளில் உள்ளது அவள் உடம்பைப் பற்றிய செய்தி. அவளுடைய ஈரலைப் பற்றிய, அவளுடைய கருப்பையைப் பற்றிய செய்தி. தன்னோடு பிறந்து, தன்னோடு வளர்ந்த உறுப்பின் பெயரை அவளால் படிக்க இயலவில்லை. படித்துச் சொல்ல வேண்டிய மருத்துவரும் தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்தவரே. ஆயினும் அவராலும் அதைத் தமிழில் விளங்கச் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அவர் அவ்வுறுப்பைத் தமிழில் கற்கவில்லை. இந்நிலை எவ்வாறு வந்தது, எவ்வாறு போகும் என்பதற்கு விடை தேடியே உடற்கூற்றியலின் வரலாற்றை இன்று உங்கள்முன் விரித்துரைக்க வந்தேன்.

உடற்கூற்றியல் மூன்று உறுப்புகளால் வளர்ந்த அறிவு. அறுத்துத் திறப்பது கை. திறந்ததைக் காண்பது கண். கண்டதற்குப் பெயரிட்டுப் பிறர்க்குரைப்பது நா. இம்மூன்றும் ஒருவரிடத்தே ஒன்றுகூடிய காலத்தில் அவ்வறிவு வளர்ந்தது. மூன்றும் பிரிந்து நின்ற காலத்தில் அது நூற்றாண்டுக் கணக்கில் உறங்கியது. நான் சொல்லப்போவதன் சுருக்கம் இவ்வளவே.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் எரோபிலசு, எராசிசுத்திராத்தசு என்னும் கிரேக்க மருத்துவர் இருவர் மாந்த உடலை அறுத்து ஆய்ந்தனர். அதன்பின் அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த கேலன் பேரறிஞர். ஆயினும் அவர் அறுத்தவை குரங்கும் பன்றியும் பிற விலங்குகளுமே. விலங்கிற் கண்டதை மாந்தனுக்கும் ஏற்றி எழுதினார். மாந்தனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பாலானது என்றார். நெஞ்சாங்குலையின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள, அவற்றின் வழியே குருதி கசிகிறது என்றார். இரண்டும் பிழை. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா அப்பிழைகளைப் போற்றிப் படித்தது.

பிணத்தையே அறுக்காமையால் அவ்வாறு நேர்ந்தது என்று எண்ணற்க. இத்தாலியின் பொலோனா நகரில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாந்த உடலை அறுத்துக் காட்டினர். ஆனால் எவ்வாறு? பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து கேலனின் கருத்தை இலத்தீனில் படிப்பார். கீழே இலத்தீன் அறியாத முடிதிருத்துநர் ஒருவர் உடலை அறுப்பார். மற்றொருவர் கோலால் சுட்டிக் காட்டுவார். படிப்பவர் பார்ப்பதில்லை, பார்ப்பவர் பேசுவதில்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பாகக் கண்முன் கிடக்க, மேலிருந்து 'இரண்டு' என்று ஓதும் குரல் கேட்கும். கேட்ட மாணவர் 'இரண்டு' என்றே எழுதிக்கொள்வர். கையும் கண்ணும் நாவும் பிரிந்த கேடு இதுவே.

அவ்வுயர்ந்த இருக்கையினின்று இறங்கித் தம் கையாலேயே அறுத்தவர் ஆந்திரேயாசு வெசாலியசு. 1543-இல், தம் இருபத்தெட்டாம் அகவையில், மாந்த உடலின் அமைப்பைப் பற்றிய பெருநூலைப் பாசெல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். கேலனின் பிழைகள் பலவற்றை அது வெளிப்படுத்தியது. அவர் எழுதியது இலத்தீனில்தான். ஆயினும் அதன் சுருக்க நூல் அதே ஆண்டில் செருமன் மொழியிலும் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, 1545-இல், பிரெஞ்சு நாட்டு அம்புருவாசு பாரே, துமுக்கிக் குண்டால் உண்டாகும் புண்களைப் பற்றித் தம் தாய்மொழியில் நூலெழுதினார். அவர் இலத்தீன் கல்லாத முடிதிருத்துநர் மரபினர். பின்னர் 1575-இல் அவர் தம் நூல்களையெல்லாம் பிரெஞ்சிலேயே தொகுத்து வெளியிட்டபோது பாரிசு மருத்துவப் புலத்தார் சீறி எழுந்தனர். "மக்கள் மொழியில் மருத்துவமா?" என்னும் அவ்வெதிர்ப்பு, தோழர்களே, நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நானூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் பாரிசிலேயே எழுந்தது. அங்கே தோற்றும் போனது. இன்று பிரெஞ்சு மாணவன் பிரெஞ்சிலேயே மருத்துவம் கற்கிறான்.

கிழக்கே சப்பானைப் பாருங்கள். 1771-ஆம் ஆண்டு வேனிற் பருவத்தில், இன்று தோக்கியோ எனப்படும் ஏதோ நகரின் கொலைக்களத்தில், தண்டிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் உடல் அறுக்கப்பட்டது. அதனைக் காணச் சென்ற சுகித்தா கென்பாக்கு, மயேனோ இரியோத்தாக்கு முதலிய மருத்துவர்களின் கையில் தச்சு மொழி உடற்கூற்று நூலொன்று இருந்தது. நூலின் படமும் திறந்த உடலும் ஒத்திருந்தன. தாம் வழிவழியாகக் கற்ற சீனநூற் படங்கள் ஒத்துவரவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே அந்நூலை மொழிபெயர்ப்பதென்று முடிவு செய்தனர். அவர்களிடம் தக்க அகரமுதலி இல்லை. 'புருவம் என்பது கண்ணுக்குமேல் வளரும் மயிர்' என்னும் ஒற்றைத் தொடரின் பொருளறிய நெடும்பகல் ஒன்று கழிந்ததென்று சுகித்தா தம் முதுமையில் நினைவுகூர்ந்தார். ஆயினும் 1774-இல் நூல் வெளிவந்தது. அதில் அவர்கள் படைத்த சொற்கள் இன்றும் சப்பானிய மருத்துவர் நாவில் வாழ்கின்றன. குருத்தெலும்புக்கு 'மென்னெலும்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நெஞ்சாங்குலையினின்று புறப்படும் குருதிக்குழலுக்கு 'அசையும் குழல்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அவை சீன வேரினின்று எழுந்த சொற்களே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் சப்பானியன் படித்தவுடன் பொருள் உணரும் சொற்கள் அவை.

இனி நம் நிலத்துக்கு வருவோம். "எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே" என்று மார்தட்டுவோர் நம்மிடையே உளர். மருந்துச் செடிகளையும் நாடியின் ஓட்டத்தையும் அறிந்த நம் முன்னோரின் பெருமை பெரிதே. ஆயினும் பிணத்தை அறுத்து, உறுப்பு உறுப்பாய்க் கண்டு, வழிவழியாகத் திருத்தி எழுதிவந்த உடற்கூற்று நூல்மரபு நம்மிடம் வளரவில்லை. வடமொழிச் சுசுருதர் நூலில் உடலை நீரில் ஊறவைத்துத் தோலைச் சிறிது சிறிதாய் நீக்கிக் காணும் முறை சொல்லப்பட்டுள்ளது. அதுவும் தொடராமற் போயிற்று. ஏன்? பிணம் தீட்டு என்றனர். பிணத்தைத் தொடுபவனைத் தீண்டத்தகாதவன் என்றனர். ஏடு வைத்திருந்தவன் பிணத்தைத் தொடவில்லை. பிணத்தைத் தொட்டவன் ஏட்டைத் தொட விடப்படவில்லை. பொலோனாவின் உயர்ந்த இருக்கை இங்கே சாதி என்னும் பெயரில் ஈராயிரம் ஆண்டு நின்றது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் பிணத்தை அறுத்தது அருஞ்செயலாகப் பேசப்பட்டமைக்குக் கரணியம் இதுவே.

கை திறந்தது, கண் கண்டது. நா என்னாயிற்று? அது ஆங்கிலமாயிற்று.

இங்குத்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நாம் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். சமயம் பரப்ப வந்தவர்தாம்; அதை நான் மறைக்கவில்லை. மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். கற்றவர்கள் என் செய்தனர்? ஊர்மக்களை விட்டு அரசுப் பணியும் நகர வாழ்வும் தேடிச் சென்றனர். கிரீன் எண்ணிப் பார்த்தார். 1864-இல் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். அவர் பயிற்றிய அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே! அவரும் அவர்தம் மாணவர்களும் நூல்களைத் தமிழாக்கினர். 1867-இல் 'இரணவைத்தியம்' வந்தது. 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. என்றி கிரே எழுதி 1858-இல் இலண்டனில் வெளிவந்து, உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் இன்றும் தவழும் பெருநூலின் தமிழ் வடிவம் அது. பதினான்கே ஆண்டுகள்! இலண்டனில் வெளிவந்த பதினான்கு ஆண்டுகளில் உலகின் தலைசிறந்த உடற்கூற்று நூல் தமிழில் கிடைத்தது. 1875-இல் கலைச்சொற் பட்டிகளும் அச்சாயின. "தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?" என்று இன்று கேட்பவர்களுக்கு நாம் விடை சொல்ல வேண்டுவதில்லை, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாய் விடை சொல்லிவிட்டது.

1873-இல் கிரீன் தாயகம் திரும்பினார், 1884-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டாற்றியவர் என்று அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பெயரால் மானிப்பாயில் மருத்துவமனை நிற்கிறது; அவர் தொடங்கிய தமிழ்வழிக் கல்வியோ நிற்கவில்லை. கொழும்பிலும் சென்னையிலும் அரசுக் கல்லூரிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பட்டமும் பதவியும் அவ்வழியே கிடைத்தன. அரசின் துணையற்ற அறிவுமுயற்சி ஆளில்லா ஊருக்குப் போட்ட சாலையாய் முடிந்தது.

இங்கே தூய தமிழ் அன்பராகிய நாம் ஒன்றை நடுவுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரை எழுத்து மாற்றாமல் அவ்வாறே சொன்னேன். கேட்டவுடன் உங்களுள் எத்தனைபேருக்குப் பொருள் விளங்கியது? சொல்லாக்கத்தில் முதலில் தமிழை நாடுவது, கிடையாவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுதுவது என்பதே கிரீனின் நெறி. நெறி நன்று. ஆயினும் அக்காலப் புலமைச் சூழலில் 'கிடையாவிடம்' மிகுந்துவிட்டது. மாந்த உடற்கூறு என்று எளிதாய்ச் சொல்லத்தக்கது மனுஷ அங்காதிபாதமாயிற்று. அதற்காக நாம் கிரீனைப் பழித்தல் தகாது. அயல்நாட்டான் நம் நாவை நம்பினான். நம்மவரோ நம் நாவை நம்பவில்லை.

அவநம்பிக்கை அதனோடு முடியவில்லை. தனித்தமிழ் இயக்கம் அரும்பிய 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் ஒன்றும் தோன்றியது. ஆயினும் 1940-இல் சென்னை அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த கலைச்சொற் குழு வடமொழிப் பக்கமே சாய்ந்தது; தமிழறிஞர் கிளர்ந்தெழுந்து எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பின் விளைவாகவே இன்று நம் பாடநூல்களில் 'இரத்தாசயம்' முதலிய சொற்கள் இன்றி நெஞ்சு, குடல், தசை என்று படிக்கிறோம்.

"தமிழில் உறுப்புப் பெயர்கள் போதா" என்பாரை அடுக்களைக்கும் வயற்காட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். நுரைபோன்ற ஈரல் நுரையீரல். கழுத்தணியாகிய காறை படியுமிடத்து எலும்பு காறையெலும்பு. முழங்காலில் சில்லுப்போல் அசைவது முழங்காற்சில்லு. இவற்றைப் படைத்தவர் பேராசிரியர் அல்லர். கண்ணால் கண்ட மக்கள். மேலைப் பெயர்கள் மட்டும் வானத்தினின்று விழுந்தனவோ? காறையெலும்பை 'கிளாவிகிள்' என்கின்றனர். அதன் இலத்தீன் பொருள் சிறுதிறவுகோல். முழங்காற்சில்லைப் 'பட்டெல்லா' என்கின்றனர், அது சிறுதட்டு. உட்செவியின் சுருளைக் 'காக்ளியா' என்கின்றனர், அது நத்தை. கழுத்திலுள்ள 'தைராய்டு' கேடயம் போன்றது என்னும் பொருளது. பெயரிட்டவனுக்கு அவை அடுக்களைச் சொற்கள். நம் மாணவனுக்கோ பொருளற்ற ஒலிகள். அவன் நத்தையைக் காண வேண்டிய இடத்தில் எழுத்தைக் காண்கிறான், காணாததை உருப்போடுகிறான்.

ஆனால் தோழர்களே, தமிழ்ச்சொல் என்பதாலேயே ஒரு சொல் நற்சொல் ஆகிவிடாது. நம் இயக்கத்தாரிடமே சொல்லவேண்டிய எச்சரிக்கை இது. கிரேக்கர் 'ஆர்ட்டரி' என்னும் சொல்லால் மூச்சுக்குழலையும் குறித்தனர். அக்குழல்களில் காற்று ஓடுவதாக அவருட் சிலர் எண்ணினர். பிழை சொல்லிலேயே தங்கிவிட்டது. நாம் 'தமனி' என்னும் வடசொல்லை விலக்கிச் 'செங்குருதிக்குழல்' என்று சொல்வோமாயின், அதுவும் பிழையே. ஏனெனில் நெஞ்சாங்குலையினின்று நுரையீரலுக்குச் செல்லும் குழலும் அவ்வகையினதே; அதில் ஓடுவதோ உயிர்வளி குறைந்த கருஞ்சிவப்புக் குருதி. நுரையீரலினின்று திரும்பும் குழலில்தான் செங்குருதி ஓடுகிறது. நிறத்தை வைத்துப் பெயரிட்டால் மாணவன் இடறுவான். குருதி சுற்றி ஓடுகிறது என்று 1628-இல் வில்லியம் ஆர்வி நிறுவிய உண்மையை வைத்துப் பெயரிடுக. நெஞ்சாங்குலையினின்று துடித்துச் செல்வது துடிகுழல். நெஞ்சாங்குலைக்கு மீண்டு வருவது மீள்குழல். இவை என் கருத்து; இவற்றினும் சிறந்தன கிடைப்பின் தலைவணங்கி ஏற்பேன். சொல்லாக்குநன் நிகண்டை மட்டும் புரட்டினால் போதாது. திறந்த உடலையும் கண்டிருத்தல் வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது.

உலகத்தார் இச்சொற்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கி, ஏறத்தாழ 50,000 பெயர்கள் குவிந்துகிடந்தன. செருமானிய உடற்கூற்றறிஞர் 1895-இல் பாசெலில் கூடி அவற்றை ஏறத்தாழ 5,000 ஆகக் குறைத்தனர். வெசாலியசின் நூல் அச்சான அதே பாசெல்! 1998-இல் உலகப் பொதுப்பட்டி வெளிவந்தது. அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண். ஓர் இலத்தீன் பெயர். நேராக ஆங்கிலப் பெயர். பிற மொழியினர் தத்தம் மொழிப்பெயரை அந்நிரலோடு இணைத்துக்கொள்கின்றனர். நாம் செய்யவேண்டியதும் அதுவே. எண்ணும் இலத்தீனும் உலகோடு நம்மைப் பிணைக்கட்டும். தமிழ் நிரல் நம் மக்களோடு நம் மருத்துவரைப் பிணைக்கட்டும். "தமிழில் கற்றால் உலகத்தொடர்பு அறுமே" என்னும் அச்சத்துக்கு இதனினும் தெளிந்த விடையில்லை.

இனி இவ்வறிவு செல்லும் வழியைக் காண்போம். 1895-இல் இரோந்துகன் ஊடுகதிரைக் கண்டார். உயிருள்ளான் எலும்பை அறுக்காமலே காணலாயிற்று. 1971-இல் இலண்டனில், கணிப்பொறித் துணையோடு உடலைத் துண்டு துண்டாய்ப் படம்பிடிக்கும் முறை நோயாளி ஒருவர்க்கு முதன்முதலாகப் பயன்பட்டது. 1994-இல் அமெரிக்க நாட்டு மருத்துவ நூலகம், ஓர் ஆணின் முழுவுடலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காகச் சீவியெடுத்த படத்தொகுதியை வெளியிட்டது. மறுவாண்டு ஒரு பெண்ணின் உடலை அதனினும் நுணுக்கமாக. அந்த ஆண் சாவுத்தண்டம் பெற்றவர். தம் உடலைத் தாமே கொடையாக எழுதிக் கொடுத்தவர். 2016-இல் தொடங்கிய உலகக் கூட்டுமுயற்சி ஒன்று, உயிரணு என்று பலரும் சொல்லும் உயிர்மிகளை வகைவகையாய்ப் பட்டியலிட்டு வருகிறது. வெசாலியசு எலும்புக்கும் தசைக்கும் பெயர் தேடினார். இனி உயிர்மிகளுக்குப் பெயர் தேவைப்படும். நாளை பிறக்கும் சொல்லிலாவது தமிழ் பின்தங்காதிருத்தல் வேண்டாவா?

எத்துணைக் கருவி வந்தாலும் உடற்கூற்று மாணவனுக்கு முதலாசிரியர் அறுவை மேடையில் கிடக்கும் உயிரற்ற உடலே. அவ்வுடல் எங்கிருந்து வருகிறது? 1828-இல் எடின்பரோவில் கல்லூரிக்குப் பிணம் விற்பதற்காகவே இருவர் பதினாறு பேரைக் கொன்றனர். 1832-இல் பிரித்தானியா சட்டமியற்றியது; அதன்பின் உரிமைகொண்டாட ஆளற்ற ஏழைகளின் உடல் மேடைக்கு வந்தது. வாழும்போது மருத்துவம் பெறாத ஏழை இறந்தபின் மருத்துவத்துக்குப் பயன்பட்டான். இக்கறையைத் துடைக்கும் வழி உடற்கொடை ஒன்றே. பகுத்தறிவும் மாந்தநேயமும் பேசும் நாம் நம் உடலை எழுதிக்கொடுத்துக் காட்டுதல் வேண்டும். தீட்டு என்னும் பழங்கட்டு அறுபடும் இடமும் அதுவே.

நாட்டில் இன்று நடப்பதைக் காணுங்கள். 2022 அக்தோபரில் போபாலில் மருத்துவ முதலாண்டுக்கு இந்தி நூல்களை வெளியிட்டனர். அவற்றிற் கலைச்சொற்கள் பெரிதும் ஆங்கிலமே, நாகரி எழுத்தில். எழுத்தை மாற்றுவது மொழியை மாற்றுவதாகாது. நமக்கு அப்பாடம் போதும். தமிழ்நாட்டிலும் மருத்துவப் பாடநூல்கள் தமிழாக்கம் பெறத் தொடங்கியுள்ளன, மகிழ்கிறேன். ஆயினும் வகுப்பறையில் ஒலிப்பது ஆங்கிலமே. நூலை அச்சிட்டு அடுக்கில் வைப்பது மானிப்பாயினும் ஒருபடி பின்தங்கியதாகும். அங்கே வகுப்பு நடந்தது!

ஆகவே இளந்தோழர்களே, ஆணைக்குக் காத்திராமல் இன்றே தொடங்குக. ஆங்கிலத்தில் தேர்வெழுதுங்கள்; அது இன்றைய கட்டாயம். ஆனால் ஒவ்வோர் உறுப்பின் பக்கத்திலும் அதன் தமிழ்ப்பெயரை எழுதுங்கள். நாளுக்குப் பத்துப்பெயர் எழுதினால் ஐயாயிரம் பெயர் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். தமிழ்ப் புலவரையும் மருத்துவரையும் ஒரே மேடையருகே நிறுத்துங்கள். புலவர் உடலைக் காணட்டும், மருத்துவர் சொல்லைக் கேட்கட்டும். உங்கள் முன் வரும் முதல் நோயாளிக்கு அவர் நோயைத் தமிழிலேயே சொல்லுங்கள். அவர் 'விளங்கிற்று' என்று தலையசைத்தாரானால், உங்கள் சொல் தேர்வில் வென்றது. விழித்தாரானால், சொல்லை மாற்றுங்கள். அதனினும் பெரிய சொல்லாக்கக் கழகம் வேறில்லை.

கை நம்முடையது, கண் நம்முடையது. நாவையும் நமதாக்கிக்கொள்வோமாயின், வாயிலில் தாளேந்தி நிற்கும் அவ்வன்னை இனி எவரையும் கேட்டு நிற்கமாட்டாள். தன் உடம்பின் செய்தியைத் தானே படிப்பாள்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!